வான்போர் வெற்றிக் கணக்கு: அந்த எண்களை எப்படிப் படிப்பது?

முதலாம் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பறந்த மான்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபன், தாம் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்தைப் பெர்லின் நகைக்கடை ஒன்றில் செய்யச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். பத்தாவது, இருபதாவது என்று ஒவ்வொரு பத்துக்கும் கிண்ணம் பெரிதாக இருந்தது. அறுபதோடு கிண்ணங்கள் நின்றுபோயின. அப்போது ஜெர்மனியில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. முதற்கிண்ணத்தில் பொறித்திருந்தது சுருக்கமான ஒரு வரிதான்: வரிசை எண் 1, விமானம் விக்கர்ஸ், ஆட்கள் 2, நாள் 17.9.16.

அந்த ஒரு வரியிலேயே ஒரு பிழை இருக்கிறது. அன்று வீழ்ந்த பிரிட்டிஷ் விமானம் விக்கர்ஸ் நிறுவனத்தினுடையது அல்ல, எஃப்.இ.2பி என்ற வேறு வகை. எஞ்சின் பின்புறம் வைத்த இருவர் விமானங்களை ஜெர்மானிய விமானிகள் பொதுவாக 'விக்கர்ஸ்' என்றே அழைத்துவந்தார்கள். ஆனால் அந்த நாளும், ஆட்களின் எண்ணிக்கையும், விமானம் உண்மையில் வீழ்ந்ததும் சரியே. அதில் இருந்த லயனல் மோரிஸ், டாம் ரீஸ் என்ற இரண்டு இளைஞர்களும் உயிரிழந்தார்கள். பிரிட்டிஷ் ஆவணங்களில் அவர்கள் பெயர் இருக்கிறது. வான்போர் வெற்றிக் கணக்குகளை முதன்முறையாகப் படிக்கும் ஒருவர் இந்தக் கிண்ணத்திலிருந்து தொடங்குவது நல்லது. விமானி கண்டது, எழுதியது, உண்மையில் நடந்தது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி முழுவதும்.

சிறந்த போர் விமானியைக் குறிக்கும் 'ஏஸ்' என்ற சொல் சீட்டுக்கட்டிலிருந்து வந்தது. 1915இல் பிரெஞ்சுப் பத்திரிகைகள் அதைப் பரப்பின. எதிரி விமானங்கள் ஐந்தை வீழ்த்தியவர் ஏஸ் என்ற வழக்கம் விரைவில் நிலைபெற்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு போரிலும் பத்திரிகைகளும் மக்களும் அரசுகளும் விமானிகளை எண்களால் அறிந்தார்கள். ரிக்தோஃபன் 80, பிரான்சின் ரெனே ஃபோங்க் 75, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எரிக் ஹார்ட்மன் 352, சோவியத் ஒன்றியத்தின் இவான் கோஜெதுப் 62, அமெரிக்காவின் ரிச்சர்ட் போங் 40. எண்களை இப்படி வரிசையாக வைத்தவுடன், ஒரே அளவுகோலால் அளந்த ஒரே பொருளைப் பார்ப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் அவை வெவ்வேறு நாடுகள், வெவ்வேறு விதிகளின்படி, வெவ்வேறு பேரேடுகளில் எழுதிய வரவுகள்.

பேரேடு என்ற உவமையை நான் வேண்டுமென்றேதான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு விமானி எதிரி விமானத்தை வீழ்த்தும்போது வரவு அவருடைய நாட்டின் ஏட்டில் எழுதப்படுகிறது; அதற்கு ஈடான பற்று எதிரி நாட்டின் ஏட்டில் விழுகிறது. போர் நடக்கும்போது இரண்டு ஏடுகளையும் ஒருசேரப் பார்க்கும் கணக்கர் எவரும் இல்லை. ஆகவே 'வெற்றி' என்று நாம் படிப்பது, ஒரு விமானி கோரி, அவருடைய படை தன் நடைமுறைப்படி ஆராய்ந்து, ஏற்றுக்கொண்ட ஒரு கோரிக்கையே. அந்தக் கோரிக்கை உண்மையாகவும் இருக்கலாம், பாதி உண்மையாகவும் இருக்கலாம், நேர்மையான தவறாகவும் இருக்கலாம். அந்த மூன்றில் எது என்பதை எதிர்த்தரப்பின் இழப்பு ஏடு திறந்த பிறகே அறிய முடியும்.

தவறு எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு விமானி எவ்வளவு நேரம் எதைப் பார்க்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1940இல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரும் ஹரிக்கேனும் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளைக் கொண்டிருந்தன. தொடர்ந்து சுட்டால் ஏறக்குறைய பதினைந்து நொடிகளில் குண்டுகள் தீர்ந்துவிடும். விமானிகள் அதை இரண்டு மூன்று நொடிகள் கொண்ட சிறு சிறு வெடிப்புகளாகச் செலவழித்தார்கள். இலக்கு மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. சுட்ட மறுகணமே தம் விமானத்தைத் திருப்பாவிட்டால், பின்னாலிருந்து இன்னொரு எதிரி தம்மைச் சுட்டுவிடுவான் என்று விமானிக்குத் தெரியும். ஆகவே தாம் சுட்ட விமானம் தரையில் மோதும்வரை பார்த்துக்கொண்டிருப்பவர் அநேகமாக வீடு திரும்பமாட்டார். திரும்பிவந்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் தொடக்கத்தை மட்டும்: சில துண்டுகள் தெறித்தன, புகை வந்தது, விமானம் கவிழ்ந்து மேகத்துக்குள் செங்குத்தாகப் போயிற்று. முடிவை அவர்களுடைய மனம் தானே எழுதிக்கொண்டது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் எஞ்சினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால், அதன் விமானி தாக்கப்படும்போது மூக்கைக் கீழே தள்ளி உடனே பாய்ந்து இறங்க முடிந்தது. அப்படி எஞ்சினை முழு வேகத்துக்குத் திடீரெனத் திறக்கும்போது புகைபோக்கியிலிருந்து கரும்புகை கொட்டும். பின்னால் துரத்திய பிரிட்டிஷ் விமானியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? தாம் சுட்டார், எதிரி கரும்புகையோடு கவிழ்ந்து நேராகக் கீழே போனான். அவர் திரும்பிச் சென்று அதை எழுதிக்கொடுத்தார். எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்த ஜெர்மானிய விமானியோ சில ஆயிரம் அடி கீழே சமநிலைக்கு வந்து, பிரான்சில் உள்ள தம் தளத்தில் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இன்னொரு பெருங்காரணம், ஒரே இரையைப் பலர் தாக்குவது. 1940 செப்டம்பர் 15 அன்று லண்டன்மீது வந்த ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களில் ஒரு டோர்னியர் 17, எஞ்சின் கோளாறால் தன் கூட்டத்திலிருந்து பின்தங்கிவிட்டது. தனியே தள்ளாடும் விமானத்தைக் கண்ட பிரிட்டிஷ் விமானிகள் ஒருவர்பின் ஒருவராக, வெவ்வேறு ஸ்குவாட்ரன்களிலிருந்து (விமானப் படைப்பிரிவுகளிலிருந்து), அதன்மேல் பாய்ந்தார்கள். கடைசியாக வந்த சார்ஜென்ட் ரே ஹோம்ஸிடம் குண்டுகள் தீர்ந்துபோயிருந்ததால், தம் ஹரிக்கேனைக் கொண்டே அதன் வாற்பகுதியை மோதி அறுத்தார். டோர்னியரின் உடற்பகுதி விக்டோரியா ரயில் நிலையத்தின் முன்முற்றத்தில் வீழ்ந்தது. ஹோம்ஸ் பாராசூட்டில் இறங்கி உயிர்பிழைத்தார். அவருடைய ஹரிக்கேனின் எஞ்சின் தெருவுக்கு அடியில் புதைந்து, 2004இல் தோண்டியெடுக்கப்பட்டது. லண்டனின் நடுவில், பட்டப்பகலில், ஆயிரக்கணக்கானோர் கண்முன் வீழ்ந்த அந்த ஒரு விமானத்தைத் தம் கணக்கில் எழுதியவர்கள் பலர். அவர்களுள் ஒவ்வொருவரும் அதை உண்மையாகவே சுட்டிருந்தார். ஒவ்வொருவர் பார்வையிலும் அது தம் குண்டுக்கே சாய்ந்தது.

அன்று மாலை பிரிட்டன் அறிவித்த எண் 185. செய்தித்தாள் விற்பவர்கள் அந்நாட்களில் விமானக் கணக்கைக் கிரிக்கெட் ஓட்டங்களைப் போலப் பலகைகளில் எழுதிவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். போர் முடிந்து ஜெர்மானிய ஆவணங்கள் கிடைத்தபோது, அன்று ஜெர்மனி இழந்தவை ஏறக்குறைய அறுபதே என்று தெரிந்தது. அதாவது, மூன்று விமானங்கள் வீழ்ந்ததாக அறிவித்த இடத்தில் ஒன்றுதான் வீழ்ந்திருந்தது. அந்த நாளின் சிறப்பு இதனால் குறையவில்லை என்பதே என் கருத்து. ஜெர்மானிய விமானப்படை அன்று முறியடிக்கப்பட்டது மெய். முறியடித்ததற்குச் சான்று அந்த 185 அல்ல, அடுத்த நாட்களில் ஜெர்மானியத் தலைமை எடுத்த முடிவுகள்தாம்.

சண்டை எவ்வளவு பெரிதோ, கணக்கு அவ்வளவு பெருகும் என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் காணும் உண்மை. இருவர் மட்டும் மோதும்போது குழப்பத்துக்கு இடம் குறைவு. நூறு விமானங்கள் சுழலும் வானத்தில் ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பார்கள். இதன் உச்சத்தை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கிவீரர்களிடம் காணலாம். 1943 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க், ஷ்வைன்ஃபர்ட் நகரங்களைத் தாக்கச் சென்ற பி-17 விமானங்கள் 60ஐ இழந்து திரும்பின. தாங்கள் 288 ஜெர்மானியப் போர் விமானங்களை வீழ்த்தியதாக அவற்றின் வீரர்கள் அறிக்கை கொடுத்தார்கள். ஜெர்மானிய ஆவணங்களின்படி உண்மை இழப்பு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. ஒரு பி-17இல் பத்துப்பேர் இருந்தார்கள். விமானங்கள் நெருங்கிய அணியாகப் பறந்தன. ஒரு ஜெர்மானிய விமானம் அணியினூடே பாய்ந்து கீழே போகும்போது பத்துப் பதினைந்து துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் அதை நோக்கிச் சுடும். அது விழுந்ததோ இல்லையோ, சுட்ட ஒவ்வொருவரும் தம் குண்டு பட்டதென்றே நம்புவார். அந்த எண் மிகையானது என்பதை அமெரிக்கத் தலைமை அப்போதே ஓரளவு உணர்ந்திருந்தது; ஆனால் மைனஸ் நாற்பது டிகிரிக் குளிரில், நண்பர்கள் எரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு வந்த இருபது வயது இளைஞனிடம் அவன் ஒன்றையும் வீழ்த்தவில்லை என்று சொல்லும் மனம் எந்த அதிகாரிக்கு வரும்? அந்த மிகையின் ஒரு பகுதி இரக்கத்தாலும் வந்தது என்றே நினைக்கிறேன்.

கண்ணின் தவறுகளுக்கு அடுத்து வருவது விதிகளின் வேறுபாடு. தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை, எதிரி நொறுங்கியதைப் பார்த்தால் மட்டுமே வெற்றி என்று கொள்ளவில்லை. 'கட்டுப்பாடிழந்து கீழே போயிற்று' என்ற வகையையும் விமானியின் கணக்கில் சேர்த்தது. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. பிரிட்டிஷார் எதிரியின் எல்லைக்குள் புகுந்து சண்டையிடுவதைக் கொள்கையாகக் கொண்டிருந்தார்கள். அப்பகுதியில் காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசி, சண்டையை ஜெர்மானியப் பக்கமே தள்ளியது. வீழ்ந்த விமானத்தின் சிதைவு எதிரியிடமே கிடக்கும். போய்ப் பார்க்க வழியில்லை. அதே காரணத்தால் ரிக்தோஃபனின் 80 உறுதியான எண்ணாக நிற்கிறது. அவர் வீழ்த்தியவை பெரும்பாலும் ஜெர்மானியர் வசமிருந்த நிலத்திலேயே விழுந்தன. எஞ்சின் எண்ணையும் துப்பாக்கி எண்ணையும் குறித்துக்கொள்ள முடிந்தது. அவருடைய வெற்றிகளில் மிகப் பெரும்பாலானவற்றை ஆய்வாளர்கள் பிற்காலத்தில் பிரிட்டிஷ் இழப்புகளோடு, விமானியின் பெயர் சொல்லுமளவுக்கு, பொருத்திக் காட்டிவிட்டார்கள்.

பிரிட்டிஷ் விதியின்கீழ்ப் பறந்தவர்களுள் ஒருவர், இந்தியாவின் முதல் ஏஸ் என்று அறியப்படும் கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய். 1918 ஜூலை 6க்கும் 19க்கும் இடையே, பதின்மூன்றே நாட்களில், 40ஆம் ஸ்குவாட்ரனில் பறந்து பத்து வெற்றிகளைப் பெற்றார். ஜூலை 22 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டு, இருபது வயது நிறையுமுன்னரே இறந்தார். அந்தப் பத்தில் ஐந்து அழிக்கப்பட்டவை, ஐந்து கட்டுப்பாடிழந்து போனவை. இரண்டு, சக விமானிகளோடு பகிர்ந்துகொண்டவை. இதைச் சொல்வதால் அந்த இளைஞரின் துணிவில் ஓர் அணுவும் குறையாது. அவருடைய பத்தை வேறொரு நாட்டு விமானியின் பத்தோடு ஒப்பிடுகிறவர், அந்தப் பத்து எதனால் ஆனது என்று அறிந்திருக்க வேண்டும்.

பகிர்வு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே விதிகள் எவ்வளவு விலகிச் செல்கின்றன என்பது தெரியும். முதலாம் உலகப் போரின் பிரெஞ்சு முறையில், ஒரு விமானத்தை மூவர் சேர்ந்து வீழ்த்தினால் மூவருக்கும் தலைக்கு ஒரு முழு வெற்றி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் அதை அரை, கால் என்று பங்கிட்டன. ஜெர்மனியில் பங்கே கிடையாது. ஒரு விமானம் ஒருவருக்கே. சோவியத் படை தனி வெற்றிகளையும் கூட்டு வெற்றிகளையும் வெவ்வேறாக எழுதியது. ஜப்பானியக் கடற்படை போரின் பெரும்பகுதியில் தனிமனிதர் கணக்கை அதிகாரபூர்வமாகப் பேணவே இல்லை. வெற்றி படைப்பிரிவுக்கே உரியது. அந்தக் கடற்படையின் விமானி சாபுரோ சாகாயின் பெயரோடு உலகெங்கும் ஒட்டிக்கொண்ட 64 என்ற எண்ணை ஆவணங்கள் தாங்காததற்கு இதுவும் ஒரு காரணம். வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை இன்னொரு திருப்பத்தைக் கொண்டுவந்தது: எஃப்-4 ஃபேன்டம் இருவர் விமானம் என்பதால், எதிரியின் மிக் விமானம் ஒன்று வீழ்ந்தால் முன்னிருக்கை விமானிக்கும் பின்னிருக்கை ஆயுத அதிகாரிக்கும் தனித்தனியே ஒரு வெற்றி. அந்தப் போரில் அமெரிக்கத் தரப்பின் மிக உயர்ந்த கணக்கு, ஆறு, பின்னிருக்கையில் அமர்ந்த சார்ல்ஸ் டிபெல்வியூவுக்கே உரியது.

ஜெர்மானியக் கணக்குகளைப் பற்றி எழும் ஐயத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 352 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பொய் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், ஒன்றுவிடாமல் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மானிய நடைமுறை, தாளளவில், மிகக் கடுமையானது. நேரம், இடம், உயரம், எதிரி விழுந்த விதம், செலவான குண்டுகள், கண்டவர் பெயர் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதிச் சாட்சியின் கையொப்பத்தோடு பெர்லினுக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர மாதங்கள் ஆகும், சிலவேளை ஓராண்டுகூட. ஆனால் சாட்சியும் அதே சண்டையில், அதே புகையைப் பார்த்தவர்தானே? படிவத்தின் கடுமை கண்ணின் தவறைத் திருத்திவிடாது. ஆகவே ஜெர்மானியக் கோரிக்கைகளும் மிகையானவையே. எவ்வளவு மிகை என்பது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறுகிறது. சோவியத் ஒன்றியத்தோடு மோதிய கிழக்குப் போர்முனையைப் பொறுத்தவரை ஹார்ட்மன் கணக்கின் மீதான விவாதம் இன்னும் ஓயவில்லை.

எண் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கு மிகை மட்டுமே காரணமும் அல்ல. ஹார்ட்மன் 1,400க்கும் மேற்பட்ட முறை போருக்காகப் பறந்தவர். எதிரியோடு எண்ணூறுக்கும் மேற்பட்ட முறை மோதியவர். ஜெர்மானிய விமானிகள் சாகும்வரை, அல்லது இனிப் பறக்க முடியாது என்னும் அளவுக்குக் காயப்படும்வரை, போர்முனையில் இருந்தார்கள். அமெரிக்காவோ நாற்பதை எட்டிய ரிச்சர்ட் போங்கைப் போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எதிரி விமானங்கள் நிறைந்த வானில் நான்காண்டு பறந்தவருக்கும், எதிரியே அரிதாகிவிட்ட வானில் ஓராண்டு பறந்தவருக்கும் இடையிலான வேறுபாட்டைத் திறமையின் வேறுபாடாக வாசிப்பது பெரும் பிழை.

பொய்யே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 1942 ஆகஸ்டில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில், ஜெர்மனியின் ஜே.ஜி. 27 படைப்பிரிவைச் சேர்ந்த நால்வர் குழு ஒன்று, சில நாட்களுக்குள் நம்பமுடியாத எண்ணிக்கையில் வெற்றிகளைக் கோரியது. அவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லிக்கொண்டார்கள். துப்பாக்கிக் குண்டுகளை மணல்மேட்டில் சுட்டுத் தீர்த்துவிட்டுத் திரும்புவது அவர்களுடைய சக விமானிகளுக்கே தெரியவந்தது. இன்னொரு வகை, பொய்யா மெய்யா என்று தீர்க்கவே முடியாத நிகழ்வு. கனடாவைச் சேர்ந்த பில்லி பிஷப் 1917 ஜூன் 2 அன்று விடியலில் தனியே பறந்து, ஒரு ஜெர்மானிய விமானத்தளத்தைத் தாக்கி மூன்று விமானங்களை வீழ்த்தியதாக அறிக்கை கொடுத்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். சாட்சி எவரும் இல்லை. ஜெர்மானிய ஆவணத்தில் அதற்குப் பொருந்தும் பதிவும் கிடைக்கவில்லை. நூறாண்டுக்குப் பின்னும் அதை மெய்யென்போரும் மறுப்போரும் எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். ஆனால் இத்தகையவை விதிவிலக்குகள். ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வது, மிகையின் பெரும்பகுதி நேர்மையானவர்களின் தவறு என்பதையே.

சரி, எதிரியின் இழப்பு ஏட்டைத் திறந்தால் விடை கிடைத்துவிடுமா? பாதி கிடைக்கும். அந்த ஏட்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மானியர்கள் சேதத்தைச் சதவீதத்தில் எழுதினார்கள். 60 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அந்த விமானம் இனிப் பயன்படாது என்று பொருள், அதற்குக் கீழே என்றால் பழுதுபார்க்கலாம். குண்டுபட்டு, தட்டுத்தடுமாறித் தளம் திரும்பி, ஓடுபாதையில் நொறுங்கிய விமானத்தைச் சண்டையில் இழந்ததாக எழுதுவதா, விபத்தென்று எழுதுவதா? ஒவ்வொரு படையும் தன் வசதிப்படி எழுதியது. தோற்றுக்கொண்டிருக்கும் படையின் கோப்புகள் எரிந்துபோகின்றன, பின்வாங்கும்போது கைவிடப்படுகின்றன. வரவுப் பக்கம் மிகையாக இருப்பதைப்போலவே பற்றுப் பக்கம் குறைவாக இருக்கவும் கூடும்.

இரு பக்கங்களும் ஒருசேரத் தவறும்போது என்ன ஆகும் என்பதற்குக் கொரியப் போரே சான்று. அமெரிக்காவின் எஃப்-86 சேபர் விமானங்கள் 792 மிக்-15களை வீழ்த்தியதாகவும், வான்சண்டையில் தாங்கள் இழந்தவை 78 மட்டுமே என்றும் அமெரிக்கா அறிவித்தது. பத்துக்கு ஒன்று என்ற புகழ்பெற்ற விகிதம் அதிலிருந்துதான் வந்தது. சோவியத் ஆவணங்கள் திறந்தபோது, அங்கே மறைவாகப் பறந்த சோவியத் விமானப் பிரிவுகள் தங்கள் இழப்பை ஏறக்குறைய 335 என்று எழுதியிருந்ததும், சீனத் தரப்பு தன் மிக்-15 இழப்பை 224 என்று கூறியதும் தெரியவந்தன. மறுபக்கம் பார்த்தால், சோவியத் விமானிகள் அறுநூறுக்கும் மேற்பட்ட சேபர்களை வீழ்த்தியதாகக் கோரியிருந்தார்கள். விபத்து உள்பட எல்லாக் காரணங்களாலும் அமெரிக்கா கொரியாவில் இழந்த சேபர்களே அவ்வளவு இல்லை. இத்தனைக்கும் இரு தரப்பிடமும் துப்பாக்கியோடு சேர்ந்து இயங்கும் கேமராக்கள் இருந்தன. கேமரா, குண்டு படுவதைக் காட்டும். விமானம் விழுவதைக் காட்டாது, ஏனென்றால் சுடுவதை நிறுத்தியவுடன் படமும் நின்றுவிடும். மிக்-15 உறுதியான விமானம்; காற்று மெலிந்த பெரும் உயரத்தில் சேபரின் குண்டுகள் பட்டும் தீப்பிடிக்காமல் அது சீன எல்லையான யாலு ஆற்றின் அக்கரைக்குத் திரும்பிய நிகழ்வுகள் பல.

இவையெல்லாம் வரலாற்று ஆர்வலர்களின் வாதம் மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். தவறான கணக்கு போரின் நடுவிலேயே உயிர்களை வாங்கியிருக்கிறது. 1940 கோடையில் ஜெர்மானிய விமானப்படையின் உளவுப்பிரிவு, தன் விமானிகள் கோரிய வெற்றிகளைப் பிரிட்டனின் விமான எண்ணிக்கையிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகளின் உற்பத்தியையோ குறைத்து மதிப்பிட்டது. செப்டம்பரில் பிரிட்டனிடம் எஞ்சியிருப்பவை சொற்பமே என்று நம்பித் தன் குண்டுவீச்சு விமானங்களை லண்டனுக்கு அனுப்பியது. செப்டம்பர் 15 அன்று அவற்றை எதிர்கொண்டவை நூற்றுக்கணக்கான ஸ்பிட்ஃபயர்களும் ஹரிக்கேன்களும். ஏட்டில் ஏற்கெனவே அழிந்துவிட்ட விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின.

நம் காலத்துக்கு வந்தால், 2019 பிப்ரவரி 27 நிகழ்வு தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டைச் சேர்ந்த அபிநந்தன் வர்தமான், மிக்-21 பைசனில் பறந்து, பாகிஸ்தானின் எஃப்-16 ஒன்றை வீழ்த்தியதாக இந்தியா கூறி, அவருக்கு வீர் சக்ரா வழங்கியது. தங்கள் விமானம் எதுவும் வீழவில்லை என்று பாகிஸ்தான் கூறுகிறது. இரு நாடுகளின் ஏடுகளும் மூடியே இருக்கின்றன.

மூடிய ஏடு திறந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்ல, அதே இரு நாடுகளின் இன்னொரு நாளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1965 செப்டம்பர் 7. பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தை இந்திய விமானப்படை அன்று பலமுறை தாக்கியது. அந்தத் தாக்குதல்களில் ஒன்றின்போது, சேபரில் பறந்த எம்.எம். ஆலம் ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை வீழ்த்தியதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. செய்தி உலகெங்கும் பரவியது. இந்தியத் தரப்பு அந்த எண்ணை ஏற்கவில்லை. பாகிஸ்தான் விமானப்படையின் முன்னாள் அதிகாரிகளிலும் அதை ஐயுற்று எழுதியவர் உண்டு. அந்த வாதம் இன்றும் தொடர்கிறது.

அதே நாள் விடியலில், அதே சர்கோதாவுக்கு, பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து ஒரு மிஸ்டேர் விமான அணி சென்றிருந்தது. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா அதில் முதலில் இடம்பெறாதவர். யாராவது பின்தங்கினால் சேர்ந்துகொள்வதற்கென்று வைக்கப்பட்ட மாற்று விமானி. அவர் சேர்ந்துகொண்டார். அணி தாக்கிவிட்டுத் திரும்பியபோது அவர் திரும்பவில்லை. இந்திய ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே 'காணவில்லை' என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டது. என்ன நடந்தது என்று சொல்ல அவர் பக்கத்தில் எவரும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒருவர் இருந்தார். ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் பறக்கும் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரில் துரத்திவந்த பாகிஸ்தான் விமானி அம்ஜத் ஹுசைன், தேவய்யாவின் பழைய மிஸ்டேரைச் சுட்டுப் பழுதாக்கினார். அது முடிந்துவிட்டது என்று எண்ணிக் கடந்து சென்றார். இந்தக் கட்டுரையில் இதுவரை பேசிய அதே தவறு. பழுதான மிஸ்டேர் விழவில்லை. தேவய்யா அதைத் திருப்பி ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டார். அம்ஜத் ஹுசைன் விமானத்தைக் கைவிட்டு வெளியேறி உயிர்தப்பினார். தேவய்யா அந்த நிலத்திலேயே மாண்டார்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவர் பாகிஸ்தான் தரப்பின் துணையோடு அந்தப் போரைப் பற்றி எழுதிய நூல் 1979இல் வெளிவந்தபோதுதான், அந்த ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது ஓர் இந்திய மிஸ்டேர் என்பது தெரிந்தது. அன்று திரும்பாத மிஸ்டேர் எது என்று இந்தியாவில் ஆராய்ந்து பார்த்தார்கள். தேவய்யாவின் பெயரில் வந்து நின்றது. எவரும் கோராத, எவரும் சாட்சி சொல்லாத, எதிரியின் பற்றுப் பக்கத்தில் மட்டும் எழுதியிருந்த அந்த ஒரு வெற்றிக்காக, 1988இல், இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்கு மகா வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி.